மொழிப் பட்டத்துக்கும் வழிகாட்டுங்கள்

ஐயா,

பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழிகளில் பட்டம் படிக்க ஆசைப்படும் வேலூர் மாணவர்களுக்கு வழிகாட்ட ஆளில்லை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இவற்றுக்கு 'கியூட்' (பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வு) வழியாகத்தான் சேர்க்கை. பிளஸ் டூ ரிசல்ட் வந்தபின் விசாரித்தால் விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும். ஹைதராபாத்தில் ஆங்கிலம், அயல்மொழிகளுக்கென்றே மத்தியப் பல்கலைக்கழகம் இருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

சரி, எந்தக் கல்வி நிறுவனத்தைத் தேர்வு செய்வது? பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அடிப்படையிலிருந்து கற்றுத் தருகிறார்களா, பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை மணி நேரம், முடிக்கும்போது மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் பி2 நிலையாவது (ஓரளவு சரளமாகப் பேசும் நிலை) வருமா என்று அங்கே படிப்பவர்களிடமே கேளுங்கள்.

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பொருள்கள் ஐரோப்பாவுக்குப் போகின்றன. ஐரோப்பிய மொழிகளுக்கு இங்கேயே வேலை உண்டு. பள்ளிக் கல்வித் துறை டிசம்பருக்குள் பிளஸ் டூ வகுப்புகளில் இதைச் சொல்ல ஏற்பாடு செய்யவேண்டும்.

- ஒரு வாசகர், காட்பாடி