டவுன்ஹாலுக்கு வேண்டியது தனிப் படிக்கட்டு

ஐயா,

2024இல் உக்கடம் மேம்பாலம் திறந்ததிலிருந்து, கோவை டவுன்ஹால் பகுதிக்கு ஒரு பெரிய வணிக வளாகம் வந்தால் போதும் என்ற பேச்சு அடிபடுகிறது. ஒப்பணக்கார வீதியிலும் ராஜ வீதியிலும் கீழே கடை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதே கட்டடங்களின் மாடிகளோ அட்டைப்பெட்டி அடுக்கிக் கிடக்கின்றன. வேண்டியது புது வளாகம் அல்ல. அந்த மாடிகளில் குடும்பங்கள் குடிவந்தால்தான் கடை அடைத்த பிறகும் மெஸ்ஸுக்கும் மருந்துக்கடைக்கும் வியாபாரம் இருக்கும்.

மாடி காலியாக இருக்க முதல் காரணம் படிக்கட்டு. பல இடங்களில் அது கடைக்குள்ளிருந்து ஏறுகிறது. ஷட்டரை இறக்கினால் வழி அடைபட்டது. 15 அடி முகப்பில் தனிப்படிக்கு மூன்றரை அடி விட்டால் ஏறக்குறைய கால்வாசிக் கடை போய்விடும். எந்த உரிமையாளர் சம்மதிப்பார்? பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்கள் இரண்டும் சேர்ந்து ஒரே படி வைத்தால் இழப்பு பாதியாகும். பின்சந்து இருந்தால் அதுவும் இல்லை. ஆனால் வழிப் பாத்தியத்தை, அதாவது அந்தப் படியில் போய்வரும் உரிமையை, பத்திரத்தில் எழுதிப் பதிய வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் அடுத்த தலைமுறை விற்கும்போது வழக்கில்தான் முடியும்.

அடுத்தது குளியலறை. பழைய மச்சுகள் சுண்ணாம்புக் காரைச் சுவரும் மர உத்தரமும் கொண்டவை. நடு அறையில் குளியலறை வைத்தால் கசியும் நீர், சுவருக்குள் இருக்கும் உத்தர முனையில்தான் போய்ச் சேரும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே உளுத்துவிடும். பின்கட்டில் தனித் தூண் எழுப்பி, கான்கிரீட் தளம் போட்டு, குழாய்களை வெளிச்சுவரில் விடுவதே சரி. காரைச் சுவர்மேல் சிமெண்ட் பூசுவது இன்னொரு தவறு. ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு பாளம்பாளமாக விழும். மழைநீர்க் குழாயைச் சாக்கடையில் சேர்க்கிறார்களே, அது பெருமழையில் கீழ்க்கடைக் கழிப்பறை வழியாகத் திரும்பி வரும். மின்சாரத்துக்கும் தனி மீட்டர் வேண்டும். இல்லையேல் வீட்டுக்கும் கடைக் கட்டணம்தான்.

இடித்துக் கட்டலாமே என்பார்கள். 15க்கு 60 அடி, அதாவது சுமார் இரண்டு சென்ட் இடத்தில் கார் நிறுத்தமும் விட்டால் வீதியைப் பார்த்துக் கடையே இருக்காது. சிறு மனைகளுக்குக் கார் நிறுத்த நிபந்தனைக்குப் பதிலாக ஒரு தொகை வாங்கி, மாநகராட்சியே பொது நிறுத்தம் அமைக்கலாம்.

வாடகைக்கு விட்டால் ஆள் காலி செய்யமாட்டார் என்ற பயம் பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் மிச்சம். 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகார அமைப்பில் பதிந்தால் போதும்.

கோனியம்மன் தேர் சுற்றும் ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பகவுண்டர் வீதி ஆகியவற்றில் மாநகராட்சி முதலில் காலி மாடிகளைக் கணக்கெடுக்கட்டும். பொதுப்படிக்குச் சம்மதிக்கும் ஜோடிக் கட்டடங்களுக்கு அனுமதிக் கட்டணத்தில் சலுகை தரட்டும். சாரம் கட்டும் வேலையை மாசித் தேர் முடிந்து தொடங்கினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

– கட்டடப் பொறியாளர், கோவை