ஒரு ஃபில்டருக்கு ஏன் ஒரு வாரம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அகச்சிவப்புக் கருவிகளுக்கான உங்கள் ஒளி ஃபில்டர்களை (குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் விடும் கண்ணாடிகளை) நாங்கள் குளிரவைத்து அளந்து தருகிறோம். "அளப்பது அரை மணி நேர வேலைதானே, ஃபில்டர் திரும்பி வர ஏன் ஒரு வாரம்?" என்று பலரும் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அளக்க அரை மணி நேரம் போதும். மற்ற நாளெல்லாம் குளிரவைப்பதிலும் மறுபடி சூடேற்றுவதிலும் போகிறது.

அகச்சிவப்பில் பார்க்கும் தொலைநோக்கி தானே சூடாக இருந்தால், அது வீசும் ஒளியே வானத்தை மறைத்துவிடும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் மிரி (MIRI) என்ற அகச்சிவப்புக் கருவி ஏறத்தாழ 7 கெல்வினில், அதாவது மைனஸ் 266 டிகிரி செல்சியஸில் வேலை செய்கிறது. அந்தக் குளிரில் ஃபில்டர் கண்ணாடிமேல் பூசிய மெல்லிய படலங்கள் சுருங்கும், அவை ஒளியை வளைக்கும் அளவான ஒளிவிலகல் எண் மாறும். ஃபில்டர் விடும் அலைநீளப் பட்டை பெரும்பாலும் குறைந்த அலைநீளத்தின் பக்கம் நகர்ந்துவிடும். எந்த அலைநீளம் எவ்வளவு கடக்கிறது என்று காட்டும் வரைபடத்தை அறை வெப்பத்தில் எடுத்து, அதை நம்பி அனுப்பினால், தேடிப் போன நிறமாலைக் கோடு பட்டைக்கு வெளியே நிற்கலாம்.

ஃபில்டரை வைத்துக் குளிரவைக்கும் கலத்திலிருந்து முதலில் காற்றை உறிஞ்சி எடுக்கிறோம். இதில் அவசரப்பட்டால், மிச்சமிருக்கும் ஈரம் கண்ணாடிமேல் பனியாகப் படிந்து வரைபடத்தில் 3 மைக்ரான் அலைநீளத்தின் பக்கத்தில் ஒரு பள்ளம் காட்டும். பார்த்தால் ஃபில்டரின் குறை மாதிரியே இருக்கும்.

அப்புறம் ஃபில்டரைப் பிடித்திருக்கும் சட்டம். 50 மில்லிமீட்டர் அலுமினியச் சட்டம் திரவ நைட்ரஜனின் 77 கெல்வினுக்கு வரும்போது சுமார் 0.2 மில்லிமீட்டர் சுருங்கும். சிலிக்கா கண்ணாடி அநேகமாக அசையவே அசையாது. இறுகப் பிடித்தால் விளிம்பு தெறித்துவிடும். அதனால்தான் ஸ்பிரிங் கிளிப்பில் பிடிக்கிறோம்.

எங்களுக்கு அதிக நேரம் பிடிப்பது கடைசி விஷயம். சட்டத்தில் உள்ள சென்சார் 77 என்று காட்டும்போது கண்ணாடியின் நடுப்பகுதி இன்னும் அங்கே வந்திருக்காது. வெற்றிடத்தில் சூட்டை எடுத்துப்போகக் காற்று இல்லை. கிளிப் தொடும் இடம் வழியாகத்தான் பெரும்பகுதி மெல்ல இறங்க வேண்டும். அதனால் அதே கண்ணாடியில், அதே தடிமனில் இன்னொரு துண்டைப் பக்கத்தில் வைத்து, அதன் நடுவில் சென்சார் ஒட்டுகிறோம். அந்த எண் நிலைத்த பிறகுதான் அளக்கிறோம். சட்டத்தின் எண்ணை மட்டும் பார்த்து அளந்த வரைபடத்தை நாங்கள் தரமாட்டோம்.

சூடேற்றுவதும் மெல்லத்தான். படலமும் கண்ணாடியும் வெவ்வேறு அளவில் விரிவதால், அவசரம் காட்டினால் படலம் உரியும். முடிந்ததும் மைக்ராஸ்கோப்பில் விளிம்பு முழுவதையும் பார்த்துவிட்டே பொதி கட்டுகிறோம்.

அடுத்த முறை அனுப்பும்போது கண்ணாடியின் வகை, தடிமன், கருவியின் வெப்பநிலை, ஒளி விழும் கோணம் நான்கையும் எழுதிவிடுங்கள். சாய்ந்து விழும் ஒளியும் பட்டையை அதே திசையில் நகர்த்தும் என்பதால் கோணம் ரொம்ப முக்கியம். பூச்சு போட்ட அதே தொகுதியிலிருந்து உபரித் துண்டு ஒன்று சேர்த்து அனுப்பினால், சென்சாரை அதிலேயே ஒட்டிவிடுவோம்.

அன்புடன்,
குளிர்சோதனைக் கூடத்தார்