சென்ட் கிளியும் ரூபாய்க் கிளியும்

அன்புள்ள கணேசா,

இங்கு எல்லோரும் நலம். அங்கும் தங்கச்சி, பிள்ளைகள் நலமாயிருப்பார்கள். பொங்கலுக்கு நான் போட்ட கடிதத்துக்கு இதுவரை உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் ரோஜாப்பூ மட்டும் வருகிறது. அதைக் கடிதக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பெரிய மாமா வீட்டை விலை பேசியாயிற்று. பரணைக் காலி செய்யப் போனபோது அந்தப் பச்சை ஸ்டாம்பு ஆல்பம் கிடைத்தது. "கை கழுவிட்டு வாங்கலே" என்று மாமா நம்மை விரட்டுவாரே, அதேதான். அத்தை "நீயே எடுத்துக்கிட்டுப் போ, கரையான் தின்னதுபோக மிச்சம் உனக்கு" என்றாள். கரையான் பிரிட்டிஷ் கயானா பக்கத்தோடு நின்றுவிட்டது. மொரீஷியஸ் தப்பித்தது.

1965இல் வந்த பறவை வரிசை, மொத்தம் பதினைந்து தபால்தலை. ஒரு ரூபாய் டோடோ மட்டும் இல்லை, அது ஒட்டியிருந்த ஹிஞ்ச் காகிதம்தான் இருக்கிறது. யார் உருவினார்கள் என்று நான் கேட்கவில்லை. உன் மனசாட்சி கேட்டால் போதும்.

கடைசித் தலைதான், அந்தப் பத்து ரூபாய், என்னைப் பிடித்துக்கொண்டது. அகல அலகுக் கிளி. மூலையில் ராணியின் தலை, நடுவில் தலைக்குப் பொருந்தாத பெரிய அலகோடு, நெற்றியில் குடுமியோடு ஒரு கிளி. வரைந்தவர் டேவிட் ரீட்-ஹென்றி. அவர் அதைப் பார்த்ததில்லை. அவர் மட்டுமல்ல, முன்னூறு வருடமாக யாருமே பார்த்ததில்லை. பாடம் பண்ணிய உடல் உலகத்தில் எந்த மியூசியத்திலும் கிடையாது, ஒரு இறகுகூட மிஞ்சவில்லை. இருப்பதெல்லாம் எலும்பும், 1601இல் கெல்டர்லாந்து என்ற டச்சுக் கப்பலின் நாட்குறிப்பில் கிறுக்கிய வண்ணமில்லாத படம் போன்ற ஒருசில பழைய படங்களும்தான். எலும்பு கிடைத்த கதை மரியதாஸ் சாருக்குப் பிடித்திருக்கும். ஜார்ஜ் கிளார்க் என்ற பள்ளிக்கூட வாத்தியார் 1865இல் மார் ஓ சோன்ஜ் சதுப்பில் ஆட்களை இறக்கி டோடோ எலும்பு தேடினார். அங்கே கிடைத்த எலும்புகளில் இதன் கீழ்த்தாடையும் இருந்தது. மறு வருடம் லண்டனில் ரிச்சர்ட் ஓவன் என்ற விலங்கியல் அறிஞர் பெயர் வைத்துவிட்டார். ஒரு தாடையை வைத்துக்கொண்டு!

நிறம்? 1670களில் அங்கே இருந்த ஒருவர் நீலத் தலை, சிவப்பு உடம்பு, வளைந்த மூக்கு, கஷ்டப்பட்டுப் பறக்கும் என்று எழுதியிருக்கிறார். டச்சுக்காரர்கள் இதை இந்தியக் காக்கை என்றுதான் சொன்னார்கள். ஏன் நம் தலையில் கட்டினார்களோ. பனங்கொட்டை மாதிரி கெட்டியான விதைகளை உடைத்துத் தின்றிருக்கும் என்று அலகைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஆணும் பெண்ணும் அளவில் இவ்வளவு வேறுபடும் கிளி வேறு கிடையாதாம்.

பிரிட்டோரியஸ் என்ற டச்சுக்காரர் 1660களில் எழுதியது ஒன்று உண்டு. மகா முன்கோபக்காரப் பறவை, பிடித்து அடைத்தால் தின்னாது, அடைபட்டு இருப்பதைவிடச் சாவதையே தேர்ந்துகொள்ளும் என்கிறார். மாமாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஆறாவது மாடியில் வைத்திருந்தது உனக்குத் தெரியும். அன்றைக்கு அதற்குமேல் நான் படிக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் ராத்திரி எல்லாத் தலைகளையும் மேசையில் விலைப்படி அடுக்கினேன். கணேசா, நீயும் அடுக்கிப் பார். அறுபது சென்ட் நீலப்புறா, ஒரு ரூபாய் டோடோ, இரண்டரை ரூபாய் சாலிடேர் (டோடோவுக்குச் சொந்தக்காரப் பறவை), ஐந்து ரூபாய் சிவப்பு ரெயில் (வண்டி இல்லை, கானாங்கோழி இனத்துப் பறவை), பத்து ரூபாய் நம்ம கிளி. மேலே இருக்கிற ஐந்தும் பூண்டோடு போனவை. கீழே இருக்கிற பத்தும் அப்போது உயிரோடு இருந்தவை. இருக்கிறவனுக்குச் சில்லறை, போனவனுக்கு நோட்டு! நம்ம ஊரில் எழுத்தாளர்களுக்கு நடப்பதுதான் என்று முதலில் சிரித்தேன்.

ஆனால் அந்தச் சில்லறை வரிசை என்ன ஆனது என்று தேடப்போய்ச் சிரிப்பு நின்றுவிட்டது. இருபத்தைந்து சென்ட் வல்லூறு, 1974இல் காட்டில் தெரிந்தவரை நாலே நாலு. முப்பத்தைந்து சென்ட் இளஞ்சிவப்புப் புறா, 1990 வாக்கில் பத்துப் பக்கம். பதினைந்து சென்டில் இருக்கிற பச்சைக்கிளி, எக்கோ கிளி என்பார்கள், 1980களில் அதுவும் அவ்வளவுதான். காட்டை வெட்டிக் கரும்பு போட்டார்கள், கப்பலில் வந்த எலியும் குரங்கும் முட்டையைத் தின்றன. அச்சான முப்பது வருடத்துக்குள் மூன்று தலைகள் ரூபாய் வரிசைக்கு ஏறியிருக்கும்.

ஏறவிடாமல் பிடித்தவர்களில் கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரர் ஒருவர், 1979இல் போனவர். வல்லூறின் முதல் ஈட்டு முட்டையை எடுத்து அடைகாக்கும் பெட்டியில் வைத்துவிடுவாராம். தாய் மறுபடி இடும், குஞ்சு இரட்டிப்பு. கிளிக்குக் காட்டு மரங்களில் கூட்டுப்பெட்டி கட்டினார்கள், தீனி வைத்தார்கள். இன்றைக்கு மூன்றுமே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இந்த ஆள் முந்நூறு வருடம் முன்னால் பிறந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டு தூக்கம் வராமல் கிடந்தேன். உன் தங்கச்சி, "ஸ்டாம்புக்கெல்லாமா தூக்கம் போகும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் கொண்டுபோய் அங்கே தப்பவிட்டிருக்கிறார்கள், நூறு வருடத்துக்கு மேலாகிறது. அது பெருகி, எக்கோ கிளிக்கு வேண்டிய மரப்பொந்துகளில் பங்கு கேட்கிறது.

சின்னவன் கூண்டுக்கிளி வாங்கித் தரச்சொல்லி நச்சரிக்கிறான். நம்மூர்க் கிளியை அடைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம், போலீஸ் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "அப்போ ஜோசியக்காரர் மட்டும்?" என்கிறான். பதில் தெரிந்தால் எழுது.

ஆல்பத்தை விற்றுவிடு என்று நீ சொல்வாய். மாட்டேன். இந்தத் தலைகளுக்குப் பெரிய விலையும் கிடையாது. நாம் கனவு கண்ட, மொரீஷியஸின் அந்த அரிய 1847 நீலத் தபால்தலை ஆல்பத்தில் இல்லை, நன்றாகத் தேடிவிட்டேன்.

உன் மாப்பிள்ளை கப்பல் போர்ட் லூயி தொடும் என்றாயே, லீவு கிடைத்தால் பிளாக் ரிவர் கார்ஜஸ் காட்டுக்குப் போய் எக்கோ கிளியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். கழுத்துப் பட்டையைப் பார்த்து ஏமாறக் கூடாது, இரண்டுக்கும் உண்டு. ஊருக்குள் தோட்டத்தில் கூட்டமாகக் கத்திக்கொண்டு போனால் அது நம்ம ஆள், அதற்காக ஃபிலிம் செலவழிக்க வேண்டாம் என்று சொல். ஃபிலிம் எங்கே இருக்கிறது இப்போது என்று சிரிக்காதே.

பத்திரப் பதிவு ஆனி மாதம் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒருநடை வா. பின்கட்டு மாமரம் இந்த வருடமும் காய்த்திருக்கிறது, வாங்குகிறவர் அதை வெட்டப்போகிறாராம்.

அன்புடன்,
முருகேசன்