திருப்புவனத்தில் பெயர் சொன்ன ஐயாவுக்கு நன்றி

போன வாரம் அப்பாவின் அஸ்தியைக் கரைக்கத் திருப்புவனம் போயிருந்தோம். மதுரைப் பக்கம் பலருக்கும் இதற்கு அந்த ஊர்தான். அஸ்தி அங்கே பூவாகும் என்பது நம்பிக்கை. வைகையில் தண்ணீர் கணுக்கால் அளவு.

சடங்கில் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார்கள். அப்பாவைப் பெற்றவர்கள் பெயர் வரை சரளமாகச் சொன்னோம். அப்புறம் அப்பாவின் அப்பத்தா பெயர்? முழித்தோம். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது தாத்தாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தவர். எங்களுக்கு அவர் வெறும் 'ரங்கூன் அப்பத்தா'. தெரிந்த ஒரே ஆள் அப்பா.

பக்கத்தில் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த பெரியவர் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் திரும்பினார். "ஏப்பா, நீங்க ரங்கூன்காரவுக வீடா?" என்றவர், பெயரைப் பட்டென்று சொன்னார். சிறுவயதில் எங்கள் தெருவில் இருந்தாராம். அப்பத்தா முட்டை விற்பாராம். எண்ணும்போது மட்டும் "தித், நித், தோன்" என்று பர்மா மொழியில்தான் எண்ணுவாராம். பிள்ளைகள் கூடவே கத்துவார்களாம். அப்பாகூட இதைச் சொன்னதில்லை.

பிண்டம் வைத்து நிமிர்வதற்குள் மஞ்சப்பையோடு பஸ் ஏறிவிட்டார். அப்பத்தா பெயரைச் சொன்னவரின் பெயரை நாங்கள் கேட்கவே இல்லை, பாருங்கள்.

ரொம்ப நன்றி ஐயா. அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துக் காட்டுங்கள். அப்பாவின் முப்பதாம் நாளுக்கு அவர் வந்தால் சந்தோஷப்படுவோம். அத்தைக்கு அவரிடம் கேட்க நிறைய இருக்கிறது.