மெஸ் நடத்தும் அண்ணாச்சிகளுக்கு: பொரியலையும் மறுவாட்டி கேட்க விடுங்கள்

திருநெல்வேலி சந்திப்பு, வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர், அப்புறம் தென்காசிப் பக்கம் (2019இல் தனி மாவட்டமாகப் பிரித்துவிட்டார்கள், ஆனாலும் சாப்பாட்டு விஷயத்தில் நாம் ஒரே சீமைதான்), இங்கெல்லாம் மத்தியானச் சாப்பாடு போடும் ஓட்டல், மெஸ் முதலாளிகளுக்கும் அடுப்படியில் நிற்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

நான் உரக்கம்பெனி ஒன்றில் விற்பனை வேலை பார்க்கிறவன். இன்றைக்குச் சேரன்மகாதேவி என்றால் நாளைக்குச் சங்கரன்கோவில் என்று ஓடுகிற பிழைப்பு. காலையும் ராத்திரியும் வீட்டில், மத்தியானம் மட்டும் உங்கள் கடை இலை. எனக்குச் சுகர் இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்து பார்க்கிற உங்களுக்கே தெரிந்திருக்கும், சாப்பிட உட்கார்ந்ததும் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுக்கிறவர்கள் எல்லாம் எங்கள் கூட்டம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு 2023இல் வெளியானபோது நாடு முழுக்க 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது, தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14.4 பேர் என்றது. அப்படிப் பார்த்தால் இருபது பேர் உட்காரும் பந்தியில் மூன்று பேர். உங்களிடம் சாப்பிட வருகிறவர்களில் நாற்பது தாண்டியவர்கள் அதிகம் என்றால் இன்னும் கூடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடைகளில் சோற்றுக்கு அளவே கிடையாது. சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை, போதும் போதும் என்று கையை வைத்து மறைத்தாலும் விரலிடுக்கு வழியாகச் சோறு விழும். அவ்வளவு தாராளம். அதே இலையில் பொரியல் ஒரு கரண்டி, கூட்டு ஒரு கரண்டி. இரண்டாவது தடவை பொரியல் கேட்டால் பரிமாறுகிற தம்பி உங்கள் முகத்தைப் பார்ப்பான், நீங்கள் வேறு எங்கோ பார்ப்பீர்கள். எங்களுக்கு இது அப்படியே தலைகீழாக வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஏன் என்று கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன். வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. கால் கிலோ சோறு என்றால் 70 கிராம், உங்கள் முழுச் சாப்பாட்டில் கால் கிலோ எந்த மூலைக்கு? தீட்டிய வெள்ளை அரிசியில் தவிடும் நாரும் போய்விட்டதால் அது சீக்கிரம் செரித்துச் சீனியாக ரத்தத்தில் ஏறிவிடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை 180க்குக் கீழே இருந்தால் நல்லது என்று பொதுவாக டாக்டர்கள் சொல்கிறார்கள், மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டவனுக்கு அந்த எண்ணெல்லாம் கனவுதான்.

உடனே நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். "அப்போ அளவு சாப்பாடு வாங்கிக்கிடுங்க." அங்கேதான் வம்பு. அளவு சாப்பாட்டில் சோறு குறைகிறது, அதோடு சேர்த்துப் பொரியலும் குறைகிறது, கூட்டு சில கடைகளில் காணாமலே போய்விடுகிறது. மூன்று மணிக்கு வயிறு கிள்ள ஆரம்பிக்கும். நாலு மணிக்கு டீக்கடையில் நிற்போம், சீனி போட்ட டீ, இரண்டு வடை, கூடவே ஒரு சுசியம். மத்தியானம் சோற்றில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அங்கே வட்டியோடு கட்டிவிட்டு வருவோம். சுகர்காரனுக்கு மத்தியானச் சாப்பாடு சின்னதாக இருந்தால் மட்டும் பத்தாது, வயிறு நிறையவும் வேண்டும், ஆறு மணி வரைக்கும் தாங்கவும் வேண்டும். டாக்டர்கள் "சோத்தைக் குறைங்க" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், குறைத்த இடத்தில் எதை வைத்து நிரப்புவது என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொரு பக்கம் சப்பாத்தி. சுகர் என்று சொன்னதும் பாதிக் கடைகளில் மூன்று சப்பாத்தியும் ஒரு கிண்ணம் குருமாவும் வைத்து "டயட்" என்கிறீர்கள். நடுத்தர அளவுச் சப்பாத்தி ஒன்றில் 20 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு, மூன்று சாப்பிட்டால் 60. அது 200 கிராம் சோற்றுக்கு மேலேயே வந்துவிடும். மாவில் மைதா கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். குருமாவிலோ உருளைக்கிழங்கைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. கோதுமையிலும் கொஞ்சம் நார் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நெல்லைச் சீமையில் பிறந்தவனுக்கு மத்தியானம் சப்பாத்தி தின்றால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது, அதுவும் உண்மை.

வயிறு நிறைவதற்கு மூன்று சாமான் வேண்டும்: நார், புரதம், கொஞ்சம் கன அளவு. இதற்கு ஓட்ஸும் வெளிநாட்டுக் கீரையும் தேட வேண்டாம், நம் அடுப்படியிலேயே எல்லாம் கிடக்கிறது. சீனியவரைக்காய் (கொத்தவரை)ப் பொரியல், தடியங்காய் (வெள்ளைப்பூசணி)க் கூட்டு, புடலங்காயில் சிறுபருப்புப் போட்டது, முருங்கைக்கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு. தட்டப்பயறும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. காணத்துவையல். காணத்தில், அதாவது கொள்ளில், நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, அதை ஏன் மழைக்காலத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்தோமோ தெரியவில்லை. கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம் வைத்தால் அதிலும் மாவுச்சத்து உண்டுதான், ஆனால் நிதானமாகச் செரிக்கும், சோறு மாதிரி ஒரே தூக்காகத் தூக்காது. அவித்த முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். அசைவக் கடை என்றால் சாளையோ அயிலையோ குழம்பில் கிடக்கும் மீன் இரண்டு துண்டு போதும், எண்ணெயில் மிதக்கும் பொரித்த மீன் வேண்டாம்.

உளுந்தஞ்சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொலியோடு கறுப்பு உளுந்து போட்டு வடித்து, எள்ளுத்துவையலும் அவியலும் வைத்துச் சாப்பிடுகிற சோறு, இரண்டு அகப்பை சாப்பிட்டால் அதற்கு மேல் கை போகாது. உளுந்தின் தொலியில் நார், பருப்பில் புரதம், துவையலில் எள், அவியலில் அத்தனை காய். அரிசியும் இருக்கிறது என்பதால் இதையும் அளந்துதான் சாப்பிட வேண்டும். ஆனாலும் வெள்ளைச் சோற்றுக்கு எவ்வளவோ மேல். வீடுகளில் செய்கிறார்கள், கடைகளில் எனக்கு அகப்பட்டதே இல்லை. செவ்வாய்க்கிழமை உளுந்தஞ்சோறு என்று ஒரு பலகை மாட்டிப் பாருங்கள், சுகர் இல்லாதவனும் வரிசையில் நிற்பான். சொதியை மட்டும் கைவிடச் சொல்லாதீர்கள், அதற்கு நான் உடன்பட மாட்டேன். சொதியை நிறைய ஊற்றிச் சோற்றைக் கொஞ்சமாக வைத்துக்கொள்வதாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், அதுவும் என்றைக்காவது ஒரு நாள், தேங்காய்ப்பால் அல்லவா.

காசுக் கணக்கு உங்கள் கவலை என்பது புரிகிறது. அரிசி மூட்டையாக வந்து இறங்கும், கெட்டுப்போகாது. காய் தினமும் வாங்க வேண்டும், நறுக்க ஆள் வேண்டும், விலையும் ஏறி இறங்கும். ஆனால் பீன்ஸும் கேரட்டும்தான் காய் என்று யார் சொன்னது? நயினார்குளம் மார்க்கெட்டிலோ பாவூர்சத்திரம் சந்தையிலோ சுரைக்காய், பூசணி, தடியங்காய், வெண்டைக்காய் விலை படிந்து கிடக்கும் நாள் எத்தனையோ உண்டு, வேலை விஷயமாக அந்தப் பக்கம் போகும்போது நானே பார்க்கிறேன். களக்காடு, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தார் வெட்டிய பிறகு தண்டு வயலிலேயே கிடக்கிறது. தினமும் கட்டுக் கட்டாக வாழை இலை வாங்குகிற உங்களுக்கு அந்த வாழையின் தண்டு கிடைக்காதா என்ன? ஒரு ஆளுக்கு இரண்டு தடவை சோறு மிச்சமாகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். மிச்சமாகும் அந்த அரிசி காய்க்குத் திரும்பட்டும். அப்புறமும் இடிக்கிறதென்றால் பத்து ரூபாய் கூட வாங்கிக்கொள்ளுங்கள், முட்டைக்கும் மீனுக்கும் வழக்கம்போலத் தனி விலை போடுங்கள். ஆனால் உருளைக்கிழங்கு மசாலையும் சேப்பங்கிழங்கு ரோஸ்டையும் வைத்துவிட்டு இரண்டு காய் வைத்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் போட்ட உணவு வழிகாட்டி எல்லோருக்குமே தட்டில் பாதியைக் காய், கீரை, பழம், கிழங்கு இவற்றுக்கு விடச் சொல்கிறது. எங்களுக்குக் கிழங்கைக் குறைத்துக்கொண்டால் சரி.

பைசா செலவில்லாத ஒரு காரியமும் இருக்கிறது. பரிமாறும் வரிசை. பொரியல், கூட்டு, சுண்டல், பருப்பு இவற்றை முதலில் வைத்துவிட்டு, ஐந்து பத்து நிமிஷம் கழித்துச் சோறு கொண்டு வாருங்கள். காயும் புரதமும் முதலில் போய், மாவுச்சத்து கடைசியில் போனால், சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், அதே சாப்பாடு, வரிசை மட்டும் வேறு. எங்களுக்குப் பசியும் பாதி அடங்கியிருக்கும், சோறு வரும்போது நாங்களே போதும் என்போம். கூட்டம் நெருக்கும் ஒரு மணிக்கு இது முடியுமா என்று கேட்பீர்கள். இலை போட்டதும் காயை வைத்துவிட்டுச் சோற்று வாளியைக் கடைசி மேசையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் தானாக நடக்கும்.

சிறுதானியம் என்று பலகை மாட்டியிருக்கும் கடைகளுக்கும் ஒரு வார்த்தை. சாமை, குதிரைவாலி, தினை எல்லாம் நல்லதுதான், நார் அதிகம், ஆனால் அவற்றிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். குதிரைவாலிச் சோறு என்பதால் மலைபோலக் குவித்துவிட்டு ஒன்றும் செய்யாது என்று சொல்லாதீர்கள், செய்யும். கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் வேகமாகத்தான் ஏறும்.

அடுத்தது முக்கியம், தயவுசெய்து கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கும் சொல்லிவையுங்கள். எங்களில் சிலர் இன்சுலின் போட்டுக்கொண்டோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போட்டுக்கொண்டோ சாப்பிட வருவோம். அதன் பிறகு சாப்பாடு தாமதமானால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, வேர்த்துக்கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறும். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். நினைவு இருந்து விழுங்க முடிகிறது என்றால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை, தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். அதனால் யாராவது "மாத்திரை போட்டாச்சு, சீக்கிரம்" என்றால் அவரைப் பந்தியில் முன்னால் உட்கார வைப்பது எங்களுக்குச் செய்யும் சலுகை என்று நினைக்க வேண்டாம்.

சுகர்காரர்களுக்கும் இரண்டு வரி, ஏனென்றால் இதை நீங்களும் படிப்பீர்கள். சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் மாத்திரை, இன்சுலின் அளவையும் டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டியிருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறு, கீரை, மீன் அளவை அவரிடம் கேட்காமல் கூட்ட வேண்டாம். பிரஷரும் சேர்ந்திருந்தால் ஊறுகாயையும் அப்பளத்தையும் தள்ளிவையுங்கள். அப்புறம், பொரியல் இரண்டாவது தடவை கேட்க வெட்கப்படாதீர்கள், நாம் கேட்காமல் அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்?

கடைசியாகப் பலகை. "சுகர் பேஷண்ட் சாப்பாடு" என்று எழுதினால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள், அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து ஊர்க்காரன் கண்ணில் பட யாருக்கு ஆசை? "காய் சாப்பாடு" என்று எழுதுங்கள். ஒரு கிண்ணம் சோறு, இரண்டு காய் கேட்கிற மட்டும், கெட்டிப் பருப்பு அல்லது சுண்டல் ஒரு கிண்ணம், ரசம், மோர். பாயசம் வேண்டாம். பார்சலிலும் இதே அளவு வரட்டும், சோற்றுப் பொட்டலம் சின்னதாக, காய்ப் பொட்டலம் பெரிதாக. உங்களில் யார் முதலில் ஆரம்பித்தாலும் இதற்குக் கீழே கடை இருக்கும் இடத்தை எழுதுங்கள், அடுத்த வாரம் அந்தப் பக்கம் எனக்கு வேலை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மத்தியான வாடிக்கையாளன்