விஜிக்கு ஒரு பாக்கிக் கடிதம்

விஜி,

தீபாவளிக்கு நீ அவ்வளவு நீளமாக வாட்ஸ்அப் அனுப்பியும் நான் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினேன் என்று கோபமாக இருப்பாய். இரு, திட்டுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் கீழே வருகிறது, மொத்தமாகச் சேர்த்துத் திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். மாமியாருக்கு முட்டியில்தான் வலி, வாய்க்கு ஒன்றுமில்லை. உமா மறுபடியும் வீடு மாற்றிவிட்டாள். ஏன் என்று உனக்கே தெரியும்.

முதலில் நல்ல செய்தி. எங்கள் ஹால் இப்போது நூலகம். சிரிக்காதே, அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு ஹால்தான், உன் பெரிய பெண் தவழ்ந்து போய் செருப்பைக் கடித்தாளே, அதேதான். சோபாவை விற்றாயிற்று. டிவி மாமியார் அறைக்குப் போய்விட்டது, அந்த ஒரு காரியத்தால் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு நல்ல மருமகள் பட்டம் கிடைத்தது. இவர்தான், "வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள்?" என்று ஒரு மாதம் புலம்பினார். யார் வருகிறார்கள், சொல்லு? பால்காரரும் கேஸ்காரரும் வாசலோடு போய்விடுகிறார்கள்.

கடையில் ரெடிமேட் ரேக் விலை கேட்டேன், தலை சுற்றியது. இரும்பு ரேக் மலிவுதான், ஆனால் நம்ம ஊர் உப்புக் காற்றுக்கு இரண்டு மழைக்காலத்தில் துரு உதிர ஆரம்பித்துவிடும். அதனால் முக்கால் அங்குல மரைன் பிளைவுட், எட்டுக்கு நாலு தாள் மூன்று வாங்கினேன். கணக்கைக் கேள். நாலடி அகலத்தில் பத்து பத்து அங்குலமாக நாலு துண்டு போட்டால், ரம்பம் அறுத்துத் தின்றது போக ஏழரை அங்குலம் மிச்சம் வரும். கார்பென்டர் அதைக் கழிவு என்று தூக்கி ஓரமாகப் போட்டார், நான் எடுத்துப் பாக்கெட் நாவலை வைத்துக் காட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. "யக்கா, நீங்களே உளி எடுத்துக்கலாம்" என்றார் மனுஷன். இரண்டேகால், இரண்டரை அடிக்கு ஒரு நிறுத்துப் பலகை கொடுக்கச் சொன்னேன். ஓர் அடி நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் எட்டு ஒன்பது கிலோ இருக்கும், நடுவில் தாங்கல் இல்லாவிட்டால் ஒரு வருஷத்தில் தூளி மாதிரித் தொங்கிவிடும். சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளித்தான் அடித்திருக்கிறது, ஓதம் ஏறாமல் காற்றுப் போக. பிளைவுட், மூன்று நாள் கூலி, ஸ்க்ரூ, வார்னிஷ், எல்லாம் சேர்த்து 18,200 ரூபாய். சோபா விற்ற நாலாயிரத்தைக் கழித்துக்கொள். ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்று போட்டிருக்கிறேன். வீடே குழந்தை பிறந்த வீடு மாதிரி மணக்கிறது. எதிர்வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "டியூஷன் எடுக்கப் போறீங்களா?" என்றாள்.

கீழே இரண்டரை அடிக்குத் தட்டே கிடையாது. செங்கல் கட்டி மேலே கடப்பா கல் போட்டுத் திண்ணை மாதிரி விட்டிருக்கிறேன், அதில்தான் உட்கார்ந்து படிப்பது. பார்க்கிறவர்கள் எல்லாம், இவ்வளவு இடத்தை ஏன் வீணாக்கினாய் என்று கேட்கிறார்கள்.

ஏன் என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரை ஏறியது. அன்றைக்கு எங்களுக்கு ஒன்றுமில்லை. மழை விட்டுவிட்டது என்று நிம்மதியாக இருந்தபோதுதான் பெண்ணையாறு வந்தது. டிசம்பர் 2 காலையில் தெருவில் கணுக்கால், மத்தியானம் வீட்டுக்குள் முழங்கால். மாமியாரைத் தூக்கு, சிலிண்டரைத் தூக்கு, அரிசி மூட்டையைத் தூக்கு என்று ஓடியதில் உன் டிரங்குப் பெட்டி எனக்கு ஞாபகமே வரவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தது. நீ கல்யாணமாகித் திருப்பூர் போகும்போது, "அங்கே இடமில்லைடி, நீ வச்சிரு" என்று விட்டுப்போனாயே, அந்தப் பெட்டி. 2011இல் தானே புயலுக்குத் தப்பியது, 2015 வெள்ளத்துக்கும் தப்பியது. இந்தத் தடவை நான்தான் மறந்தேன், விஜி. வேறு யார் மேலும் பழி போட முடியாது.

மூன்றாம் நாள்தான் திறந்தேன். இரண்டு நாள் ஈரம் போதுமாம் பூஞ்சை பிடிக்க, அட்டைகளில் அதற்குள் சாம்பல் பூத்திருந்தது. 43 புத்தகம். மின்விசிறிக்கு அடியில் நிறுத்தி வைத்து, பக்கத்துக்கு நடுவே பழைய பேப்பர் சொருகி, இரண்டு மணிக்கு ஒரு தடவை மாற்றினேன். வெயிலில் போட்டால் அட்டை முறுக்கிக்கொள்ளும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது, காத்திருப்பவற்றைக் குளிரில் உறைய வைத்தால் பூஞ்சை மேற்கொண்டு பரவாது என்று படித்து, ஏழு புத்தகத்தைப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தேன். ஐஸ் எடுக்கப் போன மாமியார் போட்ட சத்தம் தெருமுனைக்குக் கேட்டிருக்கும்.

மஞ்சக்குப்பம் மைதானத்துப் புத்தகக் கண்காட்சியில் நாம் ஐந்து ரூபாய்க்கு வாங்கினோமே, மாஸ்கோவில் அச்சான படப் புத்தகங்கள், அவை இரண்டும் போய்விட்டன. வழவழப்பான தாளின் மேல் ஒரு பூச்சு இருக்கிறது, நனைந்தால் அதுவே பசையாகிவிடும். ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு தாளாகப் பிரித்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. காய்ந்த பிறகு அப்பளக் கட்டு மாதிரி ஆகிவிட்டது. கரடி வருகிற பக்கம் உள்ளே எங்கேயோ இருக்கிறது.

19 தேறின. எல்லாம் அலை அலையாக, தடித்துப்போய். நாலாவது தட்டில் வைத்திருக்கிறேன், பக்கத்தில் இரண்டடி காலியாக விட்டிருக்கிறேன்.

உன் கிறுக்கல் ஒன்றும் அழியவில்லை. "பா. விஜயலட்சுமி, 8 ஆ பிரிவு, திருடினால் கை அழுகும்" என்று பால் பாயின்ட் பேனாவில் எழுதினாயே, அப்படியே பளிச்சென்று இருக்கிறது. உன் அப்பா இங்க் பேனாவில் எழுதிக் கொடுத்ததுதான் எல்லாம் கரைந்துவிட்டது. தேதி, கையெழுத்து, "செல்வ மகளுக்கு" எல்லாமே ஒரு நீலக் கறை. அவர் போய் ஒரு வருஷம்கூட ஆகாத சமயம் அது. போனைக் கையில் எடுப்பேன், உன் பெயரைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். கட்டைவிரல் தூக்கியதன் கதை இதுதான்.

இப்போது அடுக்கும்போதுதான் ஒன்று கவனித்தேன். அந்தத் தமிழ் அகராதியில், நீ பத்தாவதில் முதல் மார்க் வாங்கியபோது கொடுத்தாரே, அதில் முதல் பக்கத்து மை எதிர்ப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. இடம் வலம் மாறின எழுத்து, வெளிறின நீலம். பீரோக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தேன். "செல்வ" தெரிகிறது. கீழே அவர் கையெழுத்தில் அந்த நீண்ட வால்கூடத் தெரிகிறது.

அது தட்டில் இல்லை. பட்டுப்புடவைக்கு நடுவே வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன், நீதான் வர வேண்டும். வந்து முதலில் திட்டு, அப்புறம் காபி.

சாந்தி