புராஸ்டேட் மாத்திரை குடுக்கறவங்க கொஞ்சம் பேசுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எங்க தண்டையார்பேட்டை பக்கம் அறுபது தாண்டின ஆம்பளைங்க நிறைய பேர் புராஸ்டேட் (மூத்திரப்பைக்கு கீழ இருக்கற சுரப்பி) வீக்கத்துக்கு டாம்சுலோசின்ங்கற மாத்திரை போடறாங்க, ஆனா அதால என்னென்ன வரும்னு யாரும் உக்காந்து சொல்றதே இல்ல. எங்க மாமா ராத்திரி யூரின் போக சட்டுனு எழுந்து தலை சுத்தி பாத்ரூம் வாசப்படியிலயே விழுந்துட்டாரு, எழுந்தா பிரஷர் இறங்கி இப்படி ஆகலாம்னு டாக்டர் அப்புறம்தான் சொன்னாரு. அந்த மாத்திரை மூத்திரப்பை வாயில இருக்கற தசையை தளர்த்துது, அதனால யூரின் நல்லா போகுது, ஆனா அரிதா சிலருக்கு அடக்க முடியாம சொட்டலாம். லுங்கி நனைஞ்சிடுமோன்னு பயந்து டீக்கடைக்கு கூட வராம, தண்ணியும் குடிக்காம, வீட்ல சொல்ல வெக்கப்பட்டு மாத்திரையை தானே நிறுத்திடறாங்க, அப்புறம் அடைச்சுக்கிட்டு நடுராத்திரி ட்யூப் போட ஓட வேண்டியதாயிடுது, பாவம்.

இன்னொன்னு, சளி மாத்திரை. சூடோஎபெட்ரின், குளோர்பெனிரமின் மாதிரி மருந்து இருந்தா புராஸ்டேட்காரங்களுக்கு யூரினே நின்னுடலாம், மெடிக்கல் ஷாப்ல கேட்டதும் எடுத்து குடுத்துடறாங்க. கண்புரை ஆபரேஷனுக்கு போனா டாம்சுலோசின் போடறத கண் டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும். புராஸ்டேட்டை சுருக்கற ஃபினாஸ்டரைடு மாத்திரை போடறவங்களுக்கு பிஎஸ்ஏ (புராஸ்டேட் புற்றுநோய் இருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட்) அளவு பாதியா குறைஞ்சு காட்டும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

சீட்டு எழுதும்போதே இதையெல்லாம் தமிழ்ல சொல்லி அனுப்புங்கன்னு டாக்டருங்களுக்கு உங்க பத்திரிகை எடுத்து சொல்லணும்.

– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை